இன்ஜினியரிங் சேர்ந்த முதல் வாரமே படிக்க வேண்டிய பிடிஎஃப்

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் பி.இ., பி.டெக். சேர்கிறவர்களுக்கு முதல் செமஸ்டர் தொடங்கும்போது இன்டக்‌ஷன் புரோகிராம் நடக்கும். யோகா இருக்கும், விருந்தினர் உரை இருக்கும், ராகிங் தடுப்புப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அடுத்த நாலு வருஷத்துக்கும் நம் கழுத்தைப் பிடிக்கப் போகிற ரெகுலேஷன் என்ற தேர்வு, வருகை விதித்தொகுப்பைப் பற்றி மட்டும் யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. அது பல்கலைக்கழகத் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. பொறுமையாக உட்கார்ந்தால் ஒரு சாயங்காலத்தில் படித்து முடித்துவிடலாம். வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிற பிள்ளைக்கு அப்படி ஒன்று இருக்கிறது என்பதே தெரியாது. எனக்கும் தெரியாது. வருஷத்துக்கு மூன்றரை லட்சம் சம்பளத்தில் கையில் வந்த வேலை ஒரே ஒரு பேப்பருக்காகப் போன பிறகுதான் அதைத் திறந்தேன். அப்போது வந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். என் கதை இவ்வளவு போதும், விதிகளுக்கு வருவோம்.

முதலில் உங்களுடையது எந்த ரெகுலேஷன் என்று பாருங்கள். சப்ஜெக்ட் கோடே காட்டிக் கொடுத்துவிடும். எம்ஏ 6151 என்றால் 2013 ரெகுலேஷன், எம்ஏ 8151 என்றால் 2017, எம்ஏ 3151 என்றால் 2021. இரண்டெழுத்துக்குப் பிறகு வரும் முதல் இலக்கம் ரெகுலேஷனையும் அடுத்த இலக்கம் செமஸ்டரையும் சொல்லும். இது ஏன் முக்கியம் என்றால், சீனியர் சொல்லும் அறிவுரை அவருடைய ரெகுலேஷனுக்கு உரியது. 2017 ரெகுலேஷனில் தியரி பேப்பருக்கு இன்டர்னல் (கல்லூரியே போடும் மார்க்) 20, பல்கலைக்கழகத் தேர்வு 80. 2021இல் அது 40க்கு 60. "இன்டர்னலை விடுடா, யுனிவர்சிட்டில பாத்துக்கலாம்" என்ற வாக்கு 2017 ரெகுலேஷன் வரைக்கும் ஓரளவு செல்லும், 2021இல் சேர்ந்தவனுக்கு அது குழி. 2025 சேர்க்கையிலிருந்து மறுபடியும் ரெகுலேஷன் மாறியிருக்கிறது. தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் விதிகளே தனி, பட்டம் மட்டும் அண்ணா பல்கலைக்கழகம் தரும். ஆகவே அலுவலகத்தில் கேட்கும்போது "எங்கள் பேட்ச்சுக்கு உரிய ரெகுலேஷன்" என்று தெளிவாகக் கேளுங்கள். கீழே நான் சொல்வது பெரும்பாலும் 2021 ரெகுலேஷன்.

எட்டு செமஸ்டர், நாலு வருஷம். பாலிடெக்னிக் முடித்து வருபவர்கள் நேராக மூன்றாவது செமஸ்டரில் நுழைவார்கள், அவர்களுக்கு ஆறு. பிளஸ் டூ வழியில் வந்தவர்களுக்கு அதிகபட்சம் 14 செமஸ்டர், லேட்டரல் என்ட்ரிக்கு 12. அதைத் தாண்டினால் பல்கலைக்கழகம் எப்போதாவது அறிவிக்கும் சிறப்பு வாய்ப்புக்காகக் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட் உண்டு. வாரம் ஒரு பீரியட் லெக்சர் என்றால் ஒரு கிரெடிட், டுடோரியலும் அப்படியே, லேப் பீரியடுக்கு மட்டும் அரை. சிலபஸில் பாடத்தின் பெயருக்குப் பக்கத்தில் 3 1 0 4 என்று நாலு எண் இருக்கும். லெக்சர் மூன்று, டுடோரியல் ஒன்று, லேப் இல்லை, மொத்தம் நாலு கிரெடிட் என்று அர்த்தம். முதல் செமஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கணிதம் 4, ஆங்கிலம் 3, இயற்பியல் 3, வேதியியல் 3, பைத்தான் 3, தமிழர் மரபு 1, பைத்தான் லேப் 2, இயற்பியல் வேதியியல் லேப் 2, ஆங்கில லேப் 1. கூட்டினால் 22. ஜிபிஏ என்பது ஒவ்வொரு பாடத்தின் கிரெடிட்டையும் அதில் வாங்கிய கிரேடு புள்ளியையும் பெருக்கிக் கூட்டி, கிரெடிட் கூட்டுத்தொகையால் வகுப்பது. ஓ கிரேடுக்கு 10 புள்ளி. ஏ பிளஸ்ஸுக்கு 9. ஏ கிரேடுக்கு 8. பி பிளஸ்ஸுக்கு 7. இப்போது பாருங்கள், கணிதத்தில் பி பிளஸ்ஸிலிருந்து ஏ பிளஸ்ஸுக்கு ஏறினால் 8 புள்ளி கூடும். அதை 22ஆல் வகுத்தால் ஜிபிஏ 0.36 ஏறும். ஒரு கிரெடிட் பாடத்தில் அதே ஏற்றத்துக்கு 0.09தான். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் எதற்கு இரண்டு நாள், எதற்கு அரை நாள் என்பதை இந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பலர் எதிர்மாறாக, எளிதாக இருக்கிறதே என்று சின்னப் பாடத்தில் நேரத்தைக் கொட்டுவார்கள்.

லேபுக்கும் இதே மரியாதை கொடுங்கள். லேப் பாடத்துக்கு இன்டர்னல் 60, வெளித்தேர்வு 40. வாரா வாரம் அப்சர்வேஷன் நோட்டில் கையெழுத்து வாங்கி, ரெக்கார்டு முடித்து வைத்தவனுக்குத் தேர்வுக்கு முன்பே பாதிக்கு மேல் கையில் இருக்கும். தியரியும் லேபும் சேர்ந்த பாடங்களுக்கு 50க்கு 50. இரண்டாவது செமஸ்டர் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் 4 கிரெடிட். அதைக் கடைசி வாரத்தில் உட்கார்ந்து படிக்க முடியாது, டிராஃப்டரைப் பிடித்துப் பழகிய கைதான் மூன்று மணி நேரத்தில் ஷீட்டை முடிக்கும்.

அடுத்தது தேர்ச்சி விதி. அதிகம் பேர் அடிவாங்கும் இடம் இது. இன்டர்னலும் தேர்வும் சேர்த்து 50 வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதம் வேண்டும் என்பதை மறந்துவிடுவார்கள். 2021 ரெகுலேஷனில் இன்டர்னல் 40க்கு 38 வைத்திருக்கும் ஒருத்தி தேர்வில் 100க்கு 44 எடுத்தால், அது 60க்கு 26.4 ஆகும். மொத்தம் 64 தாண்டிவிட்டது, ஆனாலும் ஃபெயில். கிரேடு இடத்தில் யு என்று வரும். மறுபக்கம், இன்டர்னல் 23 இருந்தால்தான் தேர்வில் 45 எடுத்துத் தப்பிக்க முடியும். இன்டர்னல் 18 என்றால் தேர்வில் 54 வேண்டும், 12 என்றால் 64 வேண்டும். இன்டர்னல் மார்க் தெரிந்த அன்றே ஒவ்வொரு பாடத்துக்கும் இந்தக் கணக்கைப் போட்டுத் தாளில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். 64 தேவைப்படும் பாடமும் 45 தேவைப்படும் பாடமும் ஒரே மாதிரி படிக்க வேண்டியவை இல்லை.

இன்டர்னல் எப்படி வருகிறது? செமஸ்டருக்கு இரண்டு மதிப்பீடு. ஒவ்வொன்றிலும் எழுத்துத் தேர்வுக்கு 60, அசைன்மென்ட், செமினார், மினி புராஜெக்ட் போன்றவற்றுக்கு 40. இதைச் சுருக்கித்தான் 40 ஆக்குகிறார்கள். அதாவது அசைன்மென்ட் வகையறாவுக்கு மட்டும் கடைசி 100இல் 16 மார்க். நண்பனுடையதைப் பார்த்து எழுதி, கடைசி நாள் தாண்டிக் கொடுத்து, மார்க் குறைந்த பிறகு சாரிடம் கெஞ்சுவது நம் வழக்கம். 16 மார்க்குக்கு அது கட்டுப்படியாகாது. இன்டர்னலும் வருகைப்பதிவும் பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்றப்படும்போது உங்கள் லாகினில் போய்ப் பாருங்கள். பிழை இருந்தால் அந்த நாட்களில் சொன்னால் திருத்துவார்கள். தேர்வு முடிவு வந்த பிறகு சொன்னால் துறைத்தலைவர் அனுதாபப்படுவார், அவ்வளவுதான்.

வருகைப்பதிவு 75 சதவீதம். பாடவாரியாக இல்லை, செமஸ்டரின் மொத்த பீரியட்களையும் சேர்த்துப் பார்ப்பது. 540 பீரியட் என்று வைத்தால் 135 பீரியட் வரை விடலாம், ஏறத்தாழ மூன்றரை வாரம். 65க்கும் 75க்கும் நடுவில் நின்றால் மருத்துவக் காரணம், விளையாட்டு, போட்டிகள் போன்றவற்றுக்குச் சான்றிதழோடு, வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்வதற்கான கண்டொனேஷன் கட்டணம் கட்டி எழுதலாம். 65க்குக் கீழே போனால் தேர்வும் கிடையாது, அடுத்த செமஸ்டரும் கிடையாது. அதே செமஸ்டர் அடுத்த வருஷம்தான் மறுபடி வரும் என்பதால் முழுசாக ஒரு வருஷம் போகும், ஜூனியர்களோடு உட்கார வேண்டும். அரியர் (தேறாமல் நிற்கும் பேப்பர்) எத்தனை இருந்தாலும் மேல் செமஸ்டருக்குப் போய்விடலாம், வருகைப்பதிவு இல்லாமல் போக முடியாது. இதன் கனம் பலருக்குப் புரிவதில்லை. டெங்கு வந்து படுத்தால், டிஸ்சார்ஜ் ஆன வாரமே சான்றிதழைக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒரு நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள். செமஸ்டர் கடைசியில் கொண்டு போகிற மருத்துவச் சான்றிதழை எந்த அலுவலகமும் சந்தேகத்தோடுதான் பார்க்கும். ஓ.டி. (ஆன் டியூட்டி அனுமதி) வாங்கிக்கொண்டு சிம்போசியம் சுற்றுகிறவர்களும் கவனிக்க: விதிப்படி அது அந்த 65–75 இடைவெளியைக் கடக்க உதவும் காரணம்தான். அதையே வருகையாக எண்ணிக்கொண்டு இருக்க வேண்டாம்.

இனி தேர்வுத்தாள். மூன்று மணி நேரம், 100 மார்க். பார்ட் ஏ பத்து கேள்வி, தலா 2. பார்ட் பி ஐந்து கேள்வி, தலா 13, ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒன்று, 'இது அல்லது அது' வகை. பார்ட் சி ஒன்று, 15 மார்க். "மூணு யூனிட் முழுசா படி, பாஸ் ஆயிடலாம்" என்பது எல்லாக் கல்லூரி ஹாஸ்டலிலும் ஓடுகிற மந்திரம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மூன்று பதின்மூன்று 39, அந்த யூனிட்களின் இரண்டு மார்க் கேள்விகள் ஆறு, 12. மொத்தம் 51. அதாவது ஒரு பிழையும் இல்லாமல் எழுதினால் 51. நமக்குக் குறைந்தபட்சம் 45 வேண்டும். ஆறு மார்க்தான் இடைவெளி, ஒரு கணக்கில் பாதியில் நின்றாலே போச்சு. நாலு யூனிட் என்றால் 68 வரும், மூச்சுவிட இடம் இருக்கும். ஐந்தாவது யூனிட்டிலும் இரண்டு மார்க் கேள்விகளை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் இன்னும் 4.

மெக்கானிக்கல், சிவில் பிள்ளைகளை மூன்றாவது செமஸ்டரில் கவிழ்க்கும் எம்3 என்ற மூன்றாவது கணிதப் பேப்பரை உதாரணமாகச் சொல்கிறேன். டிரான்ஸ்ஃபார்ம்ஸ், பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ். ஃபூரியர் தொடர், அதன் பயன்பாடு, ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம், இசட் டிரான்ஸ்ஃபார்ம் எல்லாம் அதில் உண்டு. பயன்பாட்டு யூனிட்டில் இரு முனையும் கட்டப்பட்ட கம்பியை இழுத்து விடும் கணக்கு அடிக்கடி வரும். கடைசி விடை வரவில்லை என்று அந்தக் கணக்கையே தொடாமல் வருகிறவர்கள் அதிகம். அலைச் சமன்பாட்டை எழுதி, நாலு எல்லை நிபந்தனைகளையும் சரியாக எழுதுங்கள்: இடது முனை அசையாது, வலது முனை அசையாது, தொடக்கத்தில் வேகம் பூஜ்யம், தொடக்க வடிவம் கேள்வியில் கொடுத்தது. பிறகு சாத்தியமான மூன்று தீர்வுகளில் சைன், கொசைன் உள்ளதைத் தேர்ந்து, முதல் மூன்று நிபந்தனைகளைப் போட்டு மாறிலிகளை நீக்குங்கள். இதுவரை எல்லாக் கணக்கிலும் ஒரே மாதிரி, மனப்பாடமாகவே எழுதலாம், படிக்குப் படி மார்க் உண்டு. நாலாவது நிபந்தனையில் வரும் இன்டெக்ரேஷனில் மட்டும்தான் கணக்குக்குக் கணக்கு மாறும். அங்கே தவறினால்கூட கையில் கணிசமாக மார்க் நிற்கும். லேட்டரல் என்ட்ரியில் வருகிறவர்கள் எம்1, எம்2 படிக்காமலேயே நேராக இதில் விழுவார்கள். அவர்கள் செமஸ்டர் தொடங்கும் முன்பே இன்டெக்ரேஷன் பை பார்ட்ஸைக் கைப்பழக்கம் ஆக்கிக்கொள்வது நல்லது.

படிக்கவில்லை என்று தேர்வுக்குப் போகாமல் இருந்தால் 'அது அட்டெம்ப்ட்டில் சேராது' என்று நினைப்பவர்கள் உண்டு. சேரும். ஆப்சென்ட் ஆனாலும் அது முதல் முயற்சிதான். நிஜமான காரணம் இருந்தால் 'வித்ட்ராயல்' என்று விண்ணப்பிக்க வழி இருக்கிறது. படிப்புக் காலத்தில் ஒரே ஒரு முறை, உரிய சான்றோடு, கல்லூரி முதல்வர் வழியாக. அது முயற்சியாகக் கணக்கில் வராது. டிஸ்டிங்ஷன் கனவு இருப்பவர்களுக்கு இது பெரிய வித்தியாசம், ஏனென்றால் டிஸ்டிங்ஷனுக்கு 8.5 சிஜிபிஏ (எல்லா செமஸ்டரையும் சேர்த்த ஜிபிஏ) மட்டும் போதாது, எல்லாப் பாடமும் முதல் முயற்சியில் தேறியிருக்க வேண்டும். முதல் வகுப்புக்கு அந்த நிபந்தனை இல்லை. ஐந்து வருஷத்துக்குள் முடித்து, 2021 ரெகுலேஷனில் 6.5 இருந்தால் (2017இல் 7) அரியர் வைத்து எழுதியவரும் முதல் வகுப்புதான். ஒரு அரியர் விழுந்ததும் எல்லாம் முடிந்தது என்று அறையைப் பூட்டிக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ரிசல்ட் வரும்போது கிரேடுதான் தெரியும். யு என்றால் 44ஆ, 20ஆ என்று தெரியாது. அன்றைக்கு வயிற்றில் ஏற்படும் அந்த உணர்வு அடங்குவதற்குள் தேதி ஓடிவிடும், ஏனென்றால் விடைத்தாள் நகல் கேட்கச் சில நாட்கள்தான் அவகாசம். நகல் வாங்கினால்தான் ரீவேலுவேஷன் (மறுமதிப்பீடு) போட முடியும். நகல் வந்ததும் பாடம் எடுத்த ஆசிரியரிடம் உட்கார்ந்து பாருங்கள்: கூட்டல் சரியா, எல்லாப் பக்கமும் திருத்தப்பட்டிருக்கிறதா, படிகளுக்கு மார்க் விழுந்திருக்கிறதா. 40க்கு மேல் இருந்து, ஆசிரியரும் மார்க் கூடும் என்றால் போடலாம். 25 வைத்துக்கொண்டு நம்பிக்கையில் கட்டுவது பணத்தைத் தண்ணீரில் போடுவது. இன்னொன்று, ரீவேலுவேஷன் முடிவு வருவதற்கு முன்பே அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டும் கடைசி நாள் வந்துவிடலாம். எப்படியும் பாஸ் ஆகிவிடும் என்று காத்திருக்காமல் அரியர் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். ஒரு பேப்பர் கட்டணம் போனால் போகட்டும், அரை வருஷம் போவதைவிட அது மலிவு.

ஐந்தாவது செமஸ்டரிலிருந்து எலெக்டிவ் (நாமே தேர்ந்தெடுக்கும் பாடம்) தொடங்கும். பட்டியலில் நிறைய இருக்கும், கல்லூரி நடத்துவது இரண்டு மூன்றாக இருக்கும். யார் எடுக்கிறார்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் தப்பே இல்லை. கூடுதலாக 18 கிரெடிட் படித்தால் ஹானர்ஸ் (தன் துறையில் கூடுதல் தகுதி) அல்லது மைனர் (வேறு துறையில்) கிடைக்கும். சிஜிபிஏ நிதானமாக நிற்பவர்கள் மட்டும் தொடுங்கள். என்பிடெல் ஆன்லைன் படிப்பை எலெக்டிவுக்குப் பதிலாகக் கணக்கில் சேர்க்க வேண்டுமானால், முடித்த பிறகு சான்றிதழை நீட்டினால் நடக்காது, தொடங்கும் முன்பே கல்லூரியின் ஒப்புதல் வேண்டும். பிறகு மாண்டேட்டரி கோர்ஸ் என்று கிரெடிட் இல்லாத பாடங்கள் வரும். ஜிபிஏவில் சேராது என்பதால் யாரும் மதிப்பதில்லை. ஆனால் அதை முடிக்காமல் பட்டம் கிடையாது.

பெரும்பாலான துறைகளில் தியரி எல்லாம் ஏழாவது செமஸ்டரோடு முடிந்துவிடும். எட்டாவதில் புராஜெக்ட் மட்டும், 10 கிரெடிட். இந்த அமைப்புதான் உங்களுக்குக் கிடைக்கும் கடைசி மூச்சு. நவம்பர்–டிசம்பரில் விழுந்த ஏழாவது செமஸ்டர் பேப்பரையும் பழைய அரியர்களையும் ஏப்ரல்–மே தேர்வில், புராஜெக்ட் செமஸ்டரிலேயே எழுதித் தீர்க்கலாம். அதையும் விட்டால் காலண்டரைப் பாருங்கள்: ஏப்ரல்–மே தேர்வின் முடிவு வருவது கோடையின் முடிவில், அடுத்த வாய்ப்பு நவம்பர்–டிசம்பர், அதன் முடிவு அடுத்த வருஷத் தொடக்கத்தில். ஒரே பேப்பர், கிட்டத்தட்ட ஒன்பது மாதம். கேம்பஸில் வேலை கொடுக்கும் நிறுவனங்கள் 'சேரும்போது ஸ்டாண்டிங் அரியர் இருக்கக் கூடாது' என்று ஆஃபர் லெட்டரிலேயே எழுதியிருக்கும். ஜூலையில் சேரச் சொல்கிறவன் அடுத்த பிப்ரவரி வரை காத்திருக்க மாட்டான். 10, 12, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் கேட்பதும் பரவலான வழக்கம். புராஜெக்ட்டில் மூன்று ரிவ்யூ உண்டு, இன்டர்னல் அங்கேதான் சேருகிறது. அரியர் படிக்கிறேன் என்று ரிவ்யூவுக்குப் போகாமல் இருந்தால் 10 கிரெடிட்டில் அடி விழும். ஜனவரியிலேயே டீமில் வேலையைப் பிரித்து, உங்கள் பங்கை மார்ச்சுக்குள் முடித்துக் கொடுத்துவிட்டால் ஏப்ரல் முழுக்க அரியருக்கு.

எல்லாம் முடிந்த பிறகு கல்லூரியை விட்டு ஓடத்தான் மனசு வரும். நோ டியூஸ் படிவத்தில் லைப்ரரி, லேப், ஹாஸ்டல் கையெழுத்துகளை எட்டாவது செமஸ்டர் வகுப்பு முடியும் முன்பே வாங்கிவிடுங்கள். ப்ரொவிஷனல் சர்டிஃபிகேட், கன்சாலிடேட்டட் மார்க் ஷீட், டிசி மூன்றிலும் பெயரின் இனிஷியலையும் பிறந்த தேதியையும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டோடு வைத்து, கவுண்டரிலேயே நின்று சரிபாருங்கள். இனிஷியல் பெயருக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதுகூடப் பாஸ்போர்ட்டிலும் விசாவிலும் பின்னால் தொல்லை தரும். வெளிநாட்டில் படிக்கும் எண்ணம் இருந்தால் டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு அப்போதே விண்ணப்பித்து, இரண்டு மூன்று உறையில் சீல் வைத்து வாங்கி வையுங்கள். பட்டச் சான்றிதழ் பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகுதான் வரும், அதுவரை ப்ரொவிஷனலை வைத்து ஓட்டலாம்.